சாமி அலுமாரிக்குள் தம்பி

ஒரு பாம்புக்காக மச்சாளைப் பகைத்தவள் நான். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் மன்னிப்புக் கேட்கமாட்டேன். (முப்பது வருடமாகக் காத்திருக்கிறார். இருக்கட்டும்.)

தொண்ணூறுகளில் கனடாவில் மல்வேர்ன் என்ற இடத்தில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் ஒளிந்துகொள்வேன். அப்படிப்பட்டவளிடம்தான் என் மகன் ரவி மூன்று மாத வேலைக்கு ஒட்டாவா போகும்போது தன் பாம்பை ஒப்படைத்தான். விஷமில்லாத, செம்மஞ்சள் நிறச் சின்ன ஆண் பாம்பு. வயது இரண்டுகூட இல்லை. முதல் கிழமை முழுக்க, வீடு கூட்டும் தும்புத்தடியால்தான் பெட்டியைத் திறந்தேன். இரண்டாம் கிழமை 'தம்பி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப்பக்கம் பாம்பு வளர்க்கும் பீற்றர் என்ற வெள்ளைக்காரர், தன் மூன்று பெண் பாம்புகளைத் தம்பியோடு சேர்க்க ரவியிடம் கேட்டு வைத்திருந்தார். ஒன்றைக் கொண்டுவந்தார். அது போய் மூன்றாம் நாளே அடுத்தது. தம்பி எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோழி நிறுக்கும் தராசில் வைத்தேன், முள்ளு இறங்கியிருந்தது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரித் தெரிந்தது. ரவிக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, உவன் சின்னவன். ஒண்டு முடிஞ்சா, திண்டு உடம்பு தேறினாப் பிறகுதான் மற்றது. இல்லாட்டிச் செத்துப்போவான். பீற்றருக்குப் போன் அடிச்சனான், ஆள் எடுக்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

நானா? இங்கிலீசிலா? அதைவிடத் தம்பியை ஒளிப்பது லேசு. மூன்றாவது மணப்பெண் வரும் நாள் காலை, அவனைத் தலையணை உறைக்குள் போட்டு முடிந்து, வீட்டிலேயே சூடான இடத்தில் வைத்தேன். சாமி அலுமாரி. (எங்கள் சாமி உடுப்பு வைக்கும் குளோசெற்றுக்குள்தான் இருந்தார். கனடாவில் எல்லோரும் ஒடுங்கித்தானே இருந்தோம்.) உள்ளே லைற் எரியும். நோயாளி என்று இரங்கி முடிச்சைத் தளர்வாகப் போட்டேன். அன்றைக்குச் சித்திரை வருடப்பிறப்பு என்பதை இந்த மண்டை மறந்துவிட்டது.

கணவரின் அக்கா, என் மச்சாள், கும்பிட வந்து அலுமாரியைத் திறந்தார். பிள்ளையாரைச் சுற்றித் தம்பி படுத்திருந்தான். கத்துவார் என்று நினைத்தேன். தடாலென்று விழுந்து கும்பிட்டார்.

"நாகதம்பிரான் கனடாவுக்கே வந்திட்டார்."

நான் தலையணை உறையைத் தேடி எடுப்பதற்குள் மச்சாள் ஊருக்கெல்லாம் போன் எடுத்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் வாசலில் செருப்புக் குவியல், மேசை நிறையப் பால் பைகள், வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. ஒருவர் ஊரிலிருந்து ஆட்களைக் கூப்பிடும் ஸ்பொன்சர் சரிவர வேண்டினார். இன்னொருவர் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டார். தம்பி பிள்ளையாருக்குப் பின்னால் ஒடுங்கினான். அப்போது வாசல் மணி அடித்தது. பெட்டியோடு பீற்றர்.

உள்ளே வரம் கேட்கிறார்கள், வாசலில் வாரிசு கேட்கிறார். எலும்பும் தோலுமாய்க் கிடப்பவன் எத்தனை பேருக்கு உழைப்பான்? ஏற்கெனவே என் வீட்டில் கணவர் இரண்டு ஷிப்ற் செய்து, சோற்றுக் கோப்பைக்குள் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

எனக்குள் யார் வந்து நின்றாரோ தெரியாது.

"எழும்புங்கோ எல்லாரும். உது ரவியின்ர பாம்பு. பாலும் குடியாது, வரமும் தராது. அலுமாரியைச் சாத்துங்கோ."

பிறகு பீற்றரிடம், நான் வேலை செய்த பிஸ்கற் பக்ரறியில் பொறுக்கிய இங்கிலீசு முழுவதையும் செலவழித்தேன்.

"ஹி ஸ்மோல். ரூ மச் ஓவர்ரைம். நௌ சிக் லீவ். யூ கோ."

பீற்றர் உள்ளே வந்து தம்பியின் முதுகை விரலால் தடவிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. 'சொறி' என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, மணப்பெண்ணைத் திருப்பிக் கொண்டுபோனார். மச்சாள் தேத்தண்ணி குடிக்காமலே போனார்.

பத்தாம் நாள் தம்பி எலி தின்றான். அடுத்த வருடம் ஒரேயொரு பெண்ணோடுதான் விட்டோம். அதற்குப் பிறகும் பல வருடம் கொழுத்துத் திரிந்தான்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது கூடுதல் ஷிப்ற் எடுத்தால் நான் அன்று பீற்றரிடம் சொன்னதைத்தான் மற்றவர்கள் சொல்வார்கள். போன மாதம் கோயில்காரர் மச்சாளிடம் இருநூறு மோதகம் அவித்துத் தரக் கேட்டார்களாம். "ரூ மச் ஓவர்ரைம். நௌ சிக் லீவ். யூ கோ" என்று சொல்லிப் போனை வைத்தாராம்.

என்னோடு இன்னும் கதைப்பதில்லை.