மூக்குக்கண்ணாடிக் கடையின் வெளியுறவுக் கொள்கை

“அடி வாங்குறவன் கையில ஒரு கட்டையைக் குடுக்கிறது தப்பாடா?” என்று கெமிஸ்ட்ரி கத்தியபோது, அவருடைய இடது கண் கறுப்பு வில்லையால் மூடப்பட்டிருந்தது.

கண் பரிசோதனை பாதியில் நின்றது. கெமிஸ்ட்ரி பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்திருப்பார். உக்ரைன்காரர்களுக்கு மற்ற நாடுகள் ஆயுதம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி.

“கட்டையைக் குடுத்தா சண்டை நிக்குமா? குடுக்கிறவன் தூரத்துல பத்திரமா உக்காந்திருப்பான். சாகுறது அங்க இருக்கிற பசங்கதானே?” என்றார் ரயில்வேக்காரர். அவரும் ஓய்வு பெற்றவர்தான், வாய் மட்டும் இன்னும் பணியில் இருந்தது.

“அப்போ ரஷ்யா உள்ள பூந்தது சரியா?”

“தப்புன்னுதான் சொல்றேன். தப்பை எப்படி நிறுத்தறதுங்கிறதுதான் பேச்சு.”

“உன் சமையல்கட்டுல ஒருத்தன் பூந்து உக்காந்துட்டா, அவனோட பேச்சுவார்த்தை நடத்துவியா?”

இருவரும் திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தார்கள். “நீ சொல்லுடா!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார். “நான் நடுநிலை.”

வந்தது வினை. “ரெண்டு கண்ணையும் சோதிக்கிறவனுக்கு ஒரு பக்கமும் தெரியலையாம்!” என்று ரயில்வேக்காரர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கெமிஸ்ட்ரி, மூக்கில் மாட்டியிருந்த சோதனைக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்ற மறந்து, ஒற்றைக் கண்ணோடு தெருவில் இறங்கி எதிர்த்திசையில் நடந்தார்.

மறுநாள் மாலை இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே.

மூவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒரே சைக்கிள். ரயில்வேக்காரர் மிதிப்பார், கெமிஸ்ட்ரி முன்கம்பியில், கடைக்காரர் பின்னால். அந்தக் காலத்திலும் எங்கோ ஒரு போர் ரேடியோவில் நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்காகச் சைக்கிளிலேயே சண்டை போட்டுச் சாக்கடையில் விழுந்து, எழும்போது சிரித்துவிடுவார்கள். மனைவி இறந்துபோன பிறகு கடைக்காரருக்கு மிச்சமிருந்தது இந்த மாலை அரட்டை ஒன்றுதான். நண்பர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தவர் அவர். இப்போது வேறு வழியில்லை. கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு ரயில்வேக்காரர் வீட்டுக்கு நடந்தார்.

“அவன் ரொம்ப வருத்தப்படறான்டா,” என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

“அப்படின்னா ஆயுதம் குடுக்கக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டானா?”

“கிட்டத்தட்ட.”

அங்கிருந்து கெமிஸ்ட்ரி வீடு. சோதனைச் சட்டத்தை வாங்குகிற சாக்கில் அங்கேயும் அதே பொய்.

“குடுக்கணும்னு ஒத்துக்கிட்டானா?”

“கிட்டத்தட்ட.”

ஆக, இருவருமே ஜெயித்துவிட்டார்கள். ஜெயித்தவன் எங்காவது முதலில் இறங்கி வருவானா? “அவனை வரச் சொல்லு” என்று இரண்டு வீட்டிலும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சட்டமும் கிடைக்கவில்லை. “எங்கயோ வச்சிட்டேன்டா, நாளைக்கு வா,” என்றார் கெமிஸ்ட்ரி.

அடுத்து, கடைக்கு மேல்மாடியில் இருந்த பல் டாக்டரைத் தூது அனுப்பலாம் என்று தோன்றியது. நிறையப் படித்தவர், பக்குவமாகப் பேசுவார். கெமிஸ்ட்ரிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி இருந்ததும் வசதியாகப் போயிற்று. டாக்டர் அவர் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, வெளிநாடுகள் ஏன் தலையிடக் கூடாது என்று அரை மணி நேரம் விளக்கினார்.

“வாயை அடைச்சிட்டுப் பேசறதுக்குப் பேருதான் பேச்சுவார்த்தையாடா?” என்று கெமிஸ்ட்ரி அன்று மாலை வீங்கிய கன்னத்தோடு குதித்தார். “அவன் பக்கத்துக்கு டாக்டரு, என் பக்கத்துக்கு யாரு?”

“நான் இருக்கேன்,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் கடைக்காரர்.

விஷயம் ரயில்வேக்காரருக்கு எட்டியது. அவரைச் சமாதானப்படுத்த, “உள்ளுக்குள்ள நான் உன் கட்சிதான்டா,” என்று அங்கேயும் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு ஒரு நாள் இவர் வீடு, ஒரு நாள் அவர் வீடு. இவர் சொன்ன வாதத்தை அவருக்கும், அவர் சொன்ன பதிலை இவருக்கும் சுமந்தார். வெறும் வயிற்றில் சுமக்க விடுவார்களா? இரண்டு வீட்டிலும் இலை போடாத குறைதான். கெமிஸ்ட்ரியின் மனைவி பழைய போட்டோக்களைப் பரப்பினார். ஒன்றில் மூவரும் சைக்கிளில், எல்லோர் தலையிலும் முடி. கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகு, தூது வந்த இடத்தில் சிரிக்கிறோமே என்று வெட்கப்பட்டார்.

சண்டை மட்டும் குறைந்தபாடில்லை. வாதங்கள் நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டே போயின. ஒரு மாலை ரயில்வேக்காரர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கடைக்காரருக்குச் சுரீர் என்றது. உக்ரைனில் எது நியாயமோ, அது பெரியவர்கள் பாடு. இங்கே இரண்டு பக்கமும் சரக்கு சப்ளை செய்வது யார்? சாட்சாத் தானேதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. இந்தத் தலையீட்டில் தன் ஒரே துணையான இரண்டு பேரையும் தானே பிரித்து வைத்திருக்கிறோமே என்று அவருக்குக் கண் கலங்கியது.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்த ரயில்வேக்காரரின் மகள், “என்ன மாமா, வாசலோட திரும்பறீங்க? உள்ள வாங்க,” என்றாள்.

“இல்லம்மா. வெளியாளு தலையிடறதாலதான் இந்தச் சண்டை நீளுது. இனிமே நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். அப்பாகிட்ட சொல்லிடு.”

அவள் பதறிப்போய்ப் படியிறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயோ மாமா, அப்படி மட்டும் செஞ்சிடாதீங்க! அவங்க ரெண்டு பேரும் சண்டைக்கு மறுநாள் காலையிலேயே சேந்துட்டாங்க. நீங்களா வீட்டுக்கு வரணும்னுதான் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ‘பொண்டாட்டி போனதுலேருந்து யார் வீட்டுப் படியும் ஏறாதவன், நம்ம சண்டையைத் தீர்க்கவாவது தினம் வந்து ஒரு வாய் சாப்பிடுறான், சமாதானம்னு தெரிஞ்சா வர்றதை நிறுத்திடுவானே’ன்னுதான் உங்ககிட்ட மூச்சு விடாம இருக்காங்க!”