பேசாத பெட்டியும் கேட் பாஸ் குமாஸ்தாவும்

ஆம்பூர்,
14-7-1988

பிரியமுள்ள மச்சான் ஜெயகரனுக்கு, மாமா ஜெபசீலன் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் உன் அக்கா கிரேஸியும் சுகம். உன் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறோம். திடமாக இருந்தால்தானே இதை வாசித்து முடிப்பாய்.

எங்கள் தோல் கம்பெனிக்கு நீ விற்றுவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஏ.சி. அறையில் அமோகமாக இருக்கிறது. அதற்குப் பொறுப்பாளனான எனக்குத்தான் வியர்க்கிறது. இருபத்தாறு வருஷம் கேட் பாஸ் எழுதியவனை அதன் முன்னால் உட்காரவைத்து, "உத்தரவை டைப் அடிங்க மாமா, அது செய்யும்" என்றாய். செய்கிறது. செய்ததைச் சொல்லத்தான் அதற்கு வாய் வரவில்லை. இங்கே தோல் தூக்குகிற ஆள்கூட "ஆச்சு சார்" என்று ஒரு குரல் கொடுப்பான். பெட்டியைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னேன், பதில் இல்லை. மறுபடி மறுபடி சொன்னேன். டைப்பிஸ்ட் ஜஹீதாவும் தன் பங்குக்குச் சொன்னாள். ஒரே பட்டியல் பதினோரு பிரதி வந்தது. "இன்னா சார் இது, ஊருக்கே குடுக்கவா?" என்றாள். நீ கொடுத்த விளக்கப் புத்தகமோ, ஏற்கெனவே விளங்கியவர்களுக்காக எழுதப்பட்டிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, ஜெர்மனிக்குப் போகவேண்டிய நாலாயிரம் ஜோடி ஷூவின் பேக்கிங் பட்டியலை நகல் எடுத்து, போன மாதப் பட்டியல் இருந்த இடத்தில் வைக்க நினைத்தேன். கேட் பாஸில் போய்ச் சேரும் இடத்தை முதலில் எழுதுவோம், போகிற சரக்கை அப்புறம். அதே வழக்கப்படி அடித்தேன். உன் பெட்டிக்கு முறை தலைகீழாம். போன மாதப் பட்டியலைத் தூக்கிப் புதியதன் மேல் எழுதிவிட்டது. "இருப்பது அழிந்துபோகுமே, சரிதானா?" என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? இங்கே கிழிந்த தோல் துண்டை எறியவே மூன்று கையெழுத்து வேண்டும்! லாரி வாசலில் நிற்க, நானும் ஜஹீதாவும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அத்தனை ஜோடியையும் மறுபடி குறித்தோம். மானேஜர் முனீர் அகமது வந்து, "யோவ் ஜெபசீலா, இன்னொரு தபா இப்டி பேஜார் பண்ணே, பச்சைத்தோல் கிடங்குக்குப் போய்டுவே" என்றார். ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கிறது, மச்சான். அந்த நாற்றத்தில் போய் முடிக்க எனக்கு மனமில்லை. பயமாக இருக்கிறது. உடனே வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போ. அல்லது கேட்டுச் செய்கிற புத்தியை அதற்குள் வை.

அக்கா உனக்குத் தன் ஆசீர்வாதத்தை அனுப்புகிறாள். நான் எதை அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெபசீலன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு சேதி. இன்று மானேஜர் தானே உட்கார்ந்து ஏதோ அடித்தார். பதில் இல்லை. இன்னும் அடித்தார். கடைசியில் என் மேஜைக்கு வந்து நின்று, மெதுவாக, "ஜெபசீலன் சார், கொஞ்சம் வந்து பாக்றீங்களா?" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் சார். பெட்டி இங்கேயே இருக்கட்டும். கேட்டுச் செய்கிற புத்தி கிடைத்தாலும் அனுப்பிவிடாதே.