பதினெட்டு செக்கன் வேட்பாளர்

அப்புத்தளை,
புதன்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் தயாபரன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஜீவராணியின் கணவன் விஜேந்திரன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக "நலம்" என்று எழுதுவேன், இந்த முறை கை வரவில்லை. கொழும்பில் தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், நாங்கள் இப்போது தோட்டப் பாடசாலை மண்டபத்தில் அறுபது பேரோடு தங்கியிருக்கிறோம். இங்கே ஒருவன் போனில் ரகசியம் பேசினால் மற்ற எல்லாரும் "ம்" கொட்டுகிறார்கள். அதிலும் உங்கள் தங்கை பக்கத்துப் பாயில் இருக்கிறாள்.

மச்சான், அவளைத் தேர்தல் வேலையை விடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டிருந்தவள், சுயேச்சைக் குழு பதினொன்றுக்குத் தலைவியாகி நிற்பது தங்களுக்குத் தெரியும். மின்விசிறிச் சின்னம். இந்தக் குளிரில் பேன் போட்ட வீடு ஒன்றுகூட எங்கள் தோட்டத்தில் இல்லை, சின்னத்தைக் காட்டினால் "இது என்னங்க, பூவா?" என்று கேட்கிறார்கள். அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். வரிசை வீடுகளான எங்கள் நாலாம் லயத்துக்கும் அஞ்சாம் லயத்துக்கும் மேலே மலையில் வெடிப்பு விட்டு மூணு வருசம். அதிகாரிகள் வந்து "உடனே வெளியேறுங்கள்" என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள், எங்கே போவது என்று ஒட்டவில்லை. மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் புதைந்த பிறகு, தகரத்தில் மழை விழுந்தாலே நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

போன ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் பதுளையில் ஒரு டிவிக்காரர் வேட்பாளர் விவாதம் வைத்தார்கள், நேரடி ஒளிபரப்பு. அஞ்சு பேருக்கு அழைப்பு, இவளுக்கு இல்லை. இவள் நாலு தரம் போன் அடிச்சு, கடைசியில் "சபையில உக்காந்து ஒரு கேள்வி கேக்கலாம்" என்றார்கள். அதை இவள் தோட்டத்தில் சொல்லப்போய், "ஜீவா டிவியில வாறா" என்று ரெண்டு லயமும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டது. மழையோடு பஸ் பிடிச்சுப் போனோம். வாசலில் காதில் வயர் மாட்டின ஒரு தம்பி, பேர் ஷாஹ்மி, விளம்பரத்துக்குச் சைகை காட்டுவதும் அவன்தானாம், லிஸ்டைப் பார்த்துவிட்டு, "மேடை முன்னணி வேட்பாளர்களுக்கு மட்டும்தான் அக்கா" என்றான்.

"யாரு முன்னணின்னு எப்படிங்க தெரியும்?"

"டிவியில அடிக்கடி வாறவங்க அக்கா."

"டிவியில வரணும்னா என்ன செய்யணும்?"

"முன்னணியில இருக்கணும் அக்கா."

சொல்லி முடித்தபிறகு அவனுக்கே என்னமோ போல ஆகிவிட்டது பாவம், எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தான். மேடையில் அஞ்சு நாற்காலி. நாலு பேர்தான் வந்திருந்தாங்க, அஞ்சாவது ஆள் வரவேயில்லை. ஆனாலும் அந்த வெறும் நாற்காலிக்கு மைக் வச்சு, பேர்ப்பலகை வச்சு, தண்ணிப் போத்தலும் வச்சு, அடிக்கடி கேமராவில் காட்டினாங்க மச்சான்! நாலு பேரும் தோட்ட வீட்டுப் பிரச்சினையைப் பத்திப் பேசுறாங்க, ஒருத்தருக்கும் லயம் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியல. நான் இவ கையைப் பிடிச்சுக்கிட்டு "பேசாம இரு, பேசாம இரு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தேன்.

நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா போன் அடிச்சுச்சு. பிள்ளைக்காம்பரா மூலையில நின்னாத்தான் அங்க சிக்னல். "ஜீவா, மலையில இருந்து வாற பீலித் தண்ணி செவசெவன்னு வருது. லயத்துக்குப் பின்னால மண் விரியுது. நான் கத்துறேன், ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. நீ டிவியில வாறதைப் பாத்துட்டுத்தான் போவாங்களாம்." அவ்வளவுதான், லைன் போயிருச்சு. திருப்பி எடுத்தா விழல. அங்க யார் நம்பரும் விழல. இவ எந்திரிச்சு ஷாஹ்மிகிட்ட ஓடினா. "தம்பி, எனக்கு அரை நிமிசம் குடுங்க, ஆளுக சாகப் போறாங்க." அவன் வயர்ல யார்கிட்டயோ கேட்டான். "கேள்வி நேரம் கடைசிப் பத்து நிமிசந்தான்னு சொல்றாங்க அக்கா." இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு!

நான் என்ன செஞ்சேன் தெரியுமா மச்சான்? அவ சேலையைப் பிடிச்சு இழுத்தேன். வெக்கத்தை விட்டு எழுதுறேன். "கேஸாயிரும் ஜீவா, உக்காரு"ன்னேன். அவ என்னைப் பாத்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கையைத் தட்டி விட்டுட்டு, ஈரச் செருப்போட மேடை ஏறி, அந்த வெறும் நாற்காலியில உக்காந்து, மைக்கைக் கையில எடுத்துட்டா.

"நான் ஜீவராணி. நாலாம் லயம், அஞ்சாம் லயம், எல்லாரும் இப்பவே எந்திரிங்க. மலை வருது. சாமான் எடுக்காதீங்க. புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க. என்னைப் பாத்தாச்சுல்ல, போங்க! பொன்னையா மாமா, ஆட்டை அவுத்து விட்டுட்டு ஓடுங்க!"

அதுக்குள்ள அங்க வச்சிருந்த டிவியில பிஸ்கட் விளம்பரம் வந்திருச்சு. அவ பேசினது எவ்வளவு போச்சு, போகலையான்னு தெரியல. ரெண்டு காவலாளி வந்து கையைப் பிடிச்சாங்க. நிகழ்ச்சி நடத்தினவர் பொலிஸுங்கிறார். ஷாஹ்மிதான் இடையில விழுந்து வாசலுக்குக் கூட்டிவந்து, ஒரு வேனையும் பிடிச்சுக் குடுத்து, "அக்கா, உடனே விளம்பரத்துக்கு வெட்டச் சொல்லி காதுல கத்தினாங்க. நான் பதினெட்டு செக்கன் விட்டேன்"ன்னான்.

பதினெட்டு செக்கன் போதுமா மச்சான்? வழி முழுக்க அதைத்தான் யோசிச்சேன். பண்டாரவளை தாண்டியும் ஒரு போனும் விழல. தோட்டத்து ரோட்டுல மண் விழுந்து வேன் போகல, எறங்கி நடந்தோம். வளைவு திரும்பினா, நாலாம் லயத்துல பாதியக் காணோம். மண்ணுதான் இருக்கு. அவ அங்க நிக்கவே இல்ல, ஸ்கூலுக்கு ஓடினா.

எல்லாரும் மண்டபத்துல இருந்தாங்க. இவ பேர் சொல்லிச் சொல்லி எண்ணினா. ஒரு ஆள் கொறையுது. பொன்னையா மாமா! திரும்ப எண்ணினா, அப்பவும் கொறையுது. கருப்பம்மா அழ ஆரம்பிச்சிருச்சு. அப்ப பாடசாலைக் கக்கூஸுக்குள்ள இருந்து "மே"ன்னு ஒரு சத்தம். ஸ்கூல் அதிபர் மண்டபத்துக்குள்ள ஆட்டை விடமாட்டேன்னு சொன்னாராம், மனுசன் ஆட்டோட கக்கூஸ்ல கொண்டி போட்டுக்கிட்டு இருந்திருக்கார். "ஆட்டை அவுத்து விடத்தானே சொன்னே, கூட்டிட்டு வராதேன்னு சொல்லலையே"ங்கிறார். அதைக் கேட்டதும்தான் உங்க தங்கச்சி தரையில உக்காந்து அழுதா.

இப்ப டிவிக்காரங்க முறைப்பாடு குடுத்திருக்காங்க. அவங்களே இன்னொரு பக்கம் "வீரத் தாய்"ன்னு காலை நிகழ்ச்சிக்குக் கூப்பிடுறாங்க. அடுத்த விவாதத்துக்கு மட்டும் அழைப்பு இல்லையாம், இவ இன்னும் முன்னணி இல்லையாம். இவ அடுத்த வாரம் வியாழக்கிழமை திரும்பப் போய் வாசல்ல நிக்கப் போறாளாம். என்னால இன்னொரு தரம் தாங்க முடியாது மச்சான். மன்றாடிக் கேக்கிறேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லி நிப்பாட்டுங்க.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு எங்கள் ஆசியும், எல்லாருக்கும் மண் சரியாத வாழ்வும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
வி. விஜேந்திரன்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், அவளுக்குப் போன் அடித்து நிப்பாட்ட வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் வேறொரு டிவிக்காரர் மண்டபத்துக்கு வந்தார்கள். ஜீவா அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்குப் போயிருந்தாள். "யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள், எல்லாரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். இருபத்திமூணு நிமிசம் பேசியிருக்கிறேன், கடைசியில் அவர்களே கும்பிட்டு மைக்கை வாங்கினார்கள். வியாழக்கிழமை நானும் வாசலில் நிற்கிறேன். லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள், வாசல் பெரியது.