கால்சட்டைக்கு வைத்தியம் பார்த்த ஹாஜி

எங்கள் ஊர் செஃப்ரூவில் கால்சட்டைகள், உள்ளே ஆள் இல்லாமல், வைத்தியரிடம் போய் வரிசையில் நின்றன. வரிசையின் தலை ஹாஜி பூஷ்தாவின் வாசலில் இருந்தது. வால் ஃபெஸ் நகரத்து எல்லையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. நம்ப மாட்டீர்கள். முப்பத்தைந்து வருடம் தபால் நிலையத்தில் இருந்தவன் சொல்கிறேன். தவறான தகவலை நான் ஒருபோதும் பட்டுவாடா செய்ததில்லை.

வியாதி வேறொன்றுமில்லை, மரு. கையில் வந்தால் நாலு பேரிடம் காட்டலாம். இது வந்த இடம் அப்படி. எங்கள் ஊர் ஆண்கள் அதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் இருமல் வந்துவிடும். ஹாஜி பூஷ்தாவின் மேதைமை அங்கேதான். அவர் யாரையும் அவிழ்க்கச் சொல்லவில்லை. "நீ வர வேணாம், கால்சட்டைய அனுப்பு" என்றார். போதாதா?

விடிந்ததும் கறுப்புப் பிளாஸ்டிக் பைகள் வரிசையில் உட்கார்ந்துவிடும். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். சொந்தக்காரர்கள் ஐம்பதடி தள்ளி, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் நிற்பார்கள். அந்த வழியாகப் பஸ் வருவது நின்று மூன்று வருடமாகிறது. நாற்பது ஆண்கள் வராத பஸ்ஸைத் தினமும் எதிர்பார்த்தார்கள். ஒருவரும் இன்னொருவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

முறை வந்ததும் பையைக் கொடுக்கச் சொந்தக்காரர் மட்டும் உள்ளே போவார். ஹாஜி கால்சட்டையைச் செப்புத் தொட்டியில் போடுவார். கொதிக்கும் வெந்நீரை விளிம்போரமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார். முணுமுணுப்பார். கறுப்பாக என்னவோ மிதந்து வரும். "பாத்தியா, மரு வேரோட கழண்டு வந்துருச்சு" என்பார். யாருடைய கண் பட்டது என்பதையும் சொல்வார். பிறகு ஒரு களிம்பு: அத்திப்பாலும் சுண்ணாம்பும். ஏழு நாள் பூச வேண்டும்.

ஹாஜிக்கு விளம்பரம் முடிதிருத்தும் கத்தூர். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு புகழ் பாடினால் யார் மறுப்பது?

மிலூத்துக்கு இருபது நாளில் கல்யாணம். தாமூவின், ஊர் மரியாதையாக 'லல்லா' என்று கூப்பிடும் அந்த அம்மாவின், துணிக்கடையில் வேலை செய்யும் பையன்; பையன் என்றாலும் இருபத்தேழு வயது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை நண்பர்கள் ஹம்மாமுக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டுவது எங்கள் வழக்கம். ஆவி பறக்கும் அந்த அறையில் எதையும் மறைக்க முடியாது. மிலூத் இன்று காய்ச்சல் என்றான், நாளை வேலை என்றான். நடப்பதோ, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தர்பூசணி வைத்திருப்பவன்போல்.

கடையில் நான் அவனை மடக்கினேன்.

"என்னடா, வாத்து நடை நடக்குற?"

"பெரியப்பா, அந்த இடத்துல..." இருமினான். "ஹாஜி களிம்பு பூசினேன். மரு அப்படியே இருக்கு. சுத்தி இருந்த தோலுதான் வெந்து போச்சு."

துணி மூட்டைக்குப் பின்னாலிருந்து தாமூவின் குரல் வந்தது. "டாக்டர்கிட்ட போனா என்னப்பா?"

மிலூத் மூட்டைக்குள்ளேயே புதைந்துவிடப் பார்த்தான். "டாக்டர் பொண்ணு வீட்டுக்குச் சொல்லிருவாருன்னு கத்தூர் சொன்னார், லல்லா. கல்யாணம் நின்னுரும்."

"அது ஒட்டிக்கிற வியாதிடா. அந்தப் பொண்ணுக்கும் வரும். அப்ப யாரோட கால்சட்டைய அனுப்புவ?"

"ஹாஜி மருவ எண்ணியே காட்டினாரு லல்லா. பதினொண்ணு. தண்ணில மிதந்துச்சே."

தாமூ அவனைப் பார்த்தாள். பிறகு கடை முகப்பில் நின்ற மரப்பொம்மையைப் பார்த்தாள். அதன் இடுப்பிலிருந்து கால்சட்டையை உருவினாள்.

மறுநாள் வரிசையில் அவள் பையும் உட்கார்ந்தது. நானும் போனேன், ஓய்வூதியக்காரனுக்கு இதைவிட என்ன வேலை?

"யாரோடது?" ஹாஜி கேட்டார்.

"எங்க கடையில நிக்கிறவரோடது, ஹாஜி. கொஞ்ச நாளா பேச்சே இல்ல."

"பேச்சு போறதுதான் முதல் அறிகுறி." வெந்நீர் ஊற்றினார். பத்தொன்பது மிதந்தன. ஹாஜியே வருத்தப்பட்டு, களிம்பு டப்பாவை நீட்டினார். "ரொம்ப முத்திருச்சு. வெளியில கண்ட இடத்துக்குப் போறான்."

"கடைய விட்டு நகர மாட்டாரே."

"உன்கிட்ட அப்படித்தான் நடிப்பான்."

"அப்ப நீங்களே அவர்கிட்ட கேட்டுருங்க" என்று தாமூ வாசல் பக்கம் கைகாட்டினாள். மிலூத் பொம்மையைத் தோளில் சுமந்து, வாத்து நடையில், பஸ்ஸுக்குக் காத்திருந்த நாற்பது பேரையும் கடந்து வந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவர்களுக்குப் பஸ்ஸின்மேல் ஆசை போய்விட்டது. அத்தனை பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

பொம்மையைத் தொட்டியின் முன்னால் நிறுத்தினான். இடுப்புக்குக் கீழே வழவழவென்ற மரம். மருவை விடுங்கள், மரு வருவதற்கான இடத்தையே தச்சன் செதுக்கவில்லை.

"பத்தொன்பதும் எங்க இருந்துச்சு ஹாஜி? தொட்டுக் காட்டுங்க" என்றாள் தாமூ.

"மரத்துக்கும் கண் படும்" என்றார் ஹாஜி. இரண்டு பேர் தலையாட்டினார்கள்! என் ஊர்க்காரர்களை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

தாமூ தொட்டியின் மடித்த விளிம்புக்கு அடியில் விரலை விட்டு இழுத்தாள். மெழுகு வந்தது. மெழுகில் ஒட்டிய கருஞ்சீரகம் வந்தது. வெந்நீர் பட்டால் மெழுகு உருகும், சீரகம் மிதக்கும், அவ்வளவுதான் வைத்தியம். ஹாஜி கொல்லைப்புறக் கதவைத் திறந்து போனார். மறுநாள் தொட்டி மட்டும்தான் இருந்தது.

மிலூத்தை நான் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனேன். டாக்டர் பார்க்க நாலு நிமிடம். எத்தனையோ பார்த்தவர், சாப்பாட்டு நேரத்தை நினைத்துக்கொண்டே பார்த்தார். "இது கிருமியால வர்றது. முதல்ல வெந்த புண் ஆறட்டும். அப்புறம் குளிர வச்சுக் கருக்கிடலாம். ரெண்டு மூணு தடவை வரணும். திரும்பவும் வரலாம், பயப்படாதீங்க. கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மிலூத் சொன்னான். அந்தப் பெண் ரஹ்மா, தையல் ஆசிரியை, இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "கல்யாணம் ரெண்டு மாசம் தள்ளி. ஒவ்வொரு தடவையும் டாக்டர்கிட்ட நானும் வருவேன்" என்றாள். அதைக் கேட்டபிறகுதான் மிலூத் நிமிர்ந்து நடந்தான்.

கத்தூர் மட்டும் அசையவில்லை. அன்று அவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லையாம். "பொம்மையும் இல்ல, மெழுகும் இல்ல. எல்லாம் அந்தத் தபால்காரக் கிழவன் கட்டின கதை" என்று தாடிக்குத் தாடி சொன்னார்.

அடுத்த மாதம் மிலூத்தோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். பெஞ்சின் கோடியில் ஒருவர் சுவரைப் பார்த்தபடி, உட்காராமல், கால்களை அகட்டி நின்றார். பின்கழுத்து சுத்தமாக மழித்திருந்தது.

"கத்தூரு, பஸ்ஸா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. சுவரிடமே சொன்னார்:

"நடந்துச்சுதான்யா. நான் ஹாஜி வீட்டு உள்ளறையிலதான் இருந்தேன். அந்தப் பொம்மைக்கும் எனக்கும் ஒரே களிம்பு. அது மரம், பூசிக்கல. மூளை உள்ள மனுஷன், நான் பூசிக்கிட்டேன்."