பச்சைக்குப் போக மனசில்லை

வாங்க வந்தவர் சாவியைத் திருகியதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பிவிட்டது. சர்வேயர் திடுக்கிட்டு பானெட்டைப் பார்த்தார்.

கிளம்பவே கூடாத வண்டி அது. முக்கால் மணி நேரத்துக்கு முன்புதான், மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து, பானெட்டைத் திறந்து இரண்டு பிளக் வயர்களை இடம் மாற்றிச் செருகியிருந்தார். மெக்கானிக் சொல்லிக் கொடுத்த வித்தை.

“முதல் வயரைப் புடுங்கி மூணாவதுல, மூணாவதைப் புடுங்கி முதல்ல. அவ்வளவுதான் சார். இருமும், தும்மும், கிளம்பவே கிளம்பாது. மறுபடி மாத்தினீங்கன்னா பழையபடி ஓடும்” என்று அவன் அடித்துச் சொல்லியிருந்தான்.

இப்போது பார்த்தால் இருமலும் இல்லை, தும்மலும் இல்லை.

“வண்டி ஜம்முனு இருக்கே சார்!” வாங்க வந்திருந்த முட்டை வியாபாரி ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார். “இருபத்தாறு வருஷத்து வண்டின்னு சொன்னாங்க, நம்பவே முடியல.”

“இன்னிக்கு என்னமோ தெரியல, இப்படி இருக்கு” என்றார் சர்வேயர். விற்கிறவர் பேசுகிற பேச்சா இது?

வாசற்படியில் நின்றிருந்த டீச்சர் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் என்றால் சர்வேயரின் மனைவிதான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவர். வண்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சந்தோஷத்துல பேச்சே வரல போல’ என்று சர்வேயர் மனசுக்குள் பொருமிக்கொண்டார்.

இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது போன மாதம் ஒரு மழை நாளில். பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹார்ன் மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை. டீச்சர் செருப்பைக் கழற்றி உள்ளே எறிந்துவிட்டு, இறங்கி, நனைந்துகொண்டே தள்ளினார். வீடு வந்து சேர்ந்ததும் தலையைக்கூடத் துவட்டவில்லை, வெடித்துவிட்டார்.

“இந்தத் தகர டப்பாவை வித்துத் தொலைங்க! இனிமே இதைத் தள்ள என்னால ஆகாது!”

சர்வேயருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “வித்துடறேன். அடுத்த மாசம் முடியறதுக்குள்ளயே வித்துடறேன். போதுமா?”

மறுநாள் விடிந்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் சொன்ன சொல் அப்படியே நின்றது. வேறு வீடாக இருந்தால், “ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன்” என்று யாராவது ஒருவர் இறங்கி வந்திருப்பார். இந்த வீட்டில் அந்தப் பழக்கம் இருவருக்குமே கிடையாது. “உன் தம்பி வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று எப்போதோ சொல்லிவிட்ட காரணத்துக்காக, மைத்துனர் மகனின் பிறந்தநாளன்று கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேக் சாப்பிட்டவர் சர்வேயர். “இனிமே காபிக்குச் சர்க்கரையே போட்டுக்க மாட்டேன்” என்று ஏதோ ஒரு சண்டையில் டீச்சர் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கசப்புக் காபிதான் குடிக்கிறார். சண்டை எதற்கென்று இருவருக்குமே மறந்துவிட்டது.

ஆக, பச்சை போயே தீர வேண்டும்.

பச்சை என்பதுதான் வண்டிக்கு வீட்டில் வைத்த பெயர். வாங்கியபோது கிளிப்பச்சை. இப்போது என்ன நிறம் என்பது பார்க்கிறவரின் பெருந்தன்மையைப் பொறுத்தது. இடப்பக்கக் கதவை லேசாகத் தூக்கித்தான் சாத்த வேண்டும். பின்கதவுக் கண்ணாடி உள்ளங்கையால் அழுத்தினால் இறங்கும். ஏறுவது அதன் இஷ்டம். இருந்தாலும் என்ன! நிலம் அளவெடுக்கும் முக்காலியும் கம்புகளும் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருக்க, எத்தனை மண் ரோடு, எத்தனை வரப்போரம் போய் வந்த வண்டி. பிறந்து நாலே நாளான மகளை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தது அதன் பின்சீட்டில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிஷ வழி. குழந்தை குலுங்கிவிடக் கூடாதென்று சர்வேயர் அன்றைக்கு ஒரு மணி நேரம் ஓட்டினார். சைக்கிள்காரர்களெல்லாம் முந்திக்கொண்டு போனார்கள். டீச்சர் ஓட்டப் பழகிய முதல் நாள் கேட் தூணில் முட்டிய சொட்டை இன்னும் முன்பக்கம் இருக்கிறது. மெக்கானிக் எத்தனையோ தடவை தட்டி எடுத்துவிடுகிறேன் என்றான். “அதுல கைய வச்சே, அவ்வளவுதான்” என்று தடுத்தவர் சர்வேயர்.

மகள் இப்போது வேலை, குடித்தனம் என்று வேறு ஊரில். பச்சையும் போய்விட்டால் அந்த நாட்களைப் பற்றிப் பேச வீட்டில் ஒரு சாட்சியும் இருக்காது. சர்வேயருக்கு விற்க மனசே வரவில்லை. வாய்விட்டுச் சொன்னால் மானம் போய்விடும். அதனால்தான் மெக்கானிக்கிடம் போய், “தெருவுல திருட்டுப் பயமா இருக்குப்பா. வண்டி கிளம்பாம பண்றதுக்கு ஒரு வழி சொல்லு” என்று கேட்டார். அந்த வண்டியை யார் திருடப் போகிறார்கள் என்று அவன் ஒரு கணம் யோசித்தான். பெரியவரிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

முட்டை வியாபாரி இறங்கி வந்து கையைத் தேய்த்துக்கொண்டார். “எனக்குப் புடிச்சிருக்கு. பின்சீட்டைக் கழட்டிப் போட்டுட்டா நாப்பது அட்டை முட்டை அடுக்கலாம்.”

“சீட்டைக் கழட்டறதா?” சர்வேயரும் டீச்சரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

சர்வேயர் முந்திக்கொண்டார். “முட்டைக்கு இது சரிப்படாதுங்க. ஷாக் அப்சார்பர் செத்துப் பல வருஷமாச்சு. கடை போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் ஆம்லெட்தான்.”

முட்டை வியாபாரி வேண்டாமென்று போனதும், சர்வேயர் டீச்சர் கண்ணில் படாமல் வயர்களைப் பழையபடி மாற்றிச் செருகிவிட்டு, குளியலறைக்கு ஓடிக் கையைத் தேய்த்துக் கழுவினார். சோப்பு முழுக்கக் கரி. டீச்சர் பார்த்துவிட்டால் வம்பு என்று சோப்பையும் கழுவி வைத்தார். மத்தியானம் பார்த்தால் சோப்பு மறுபடியும் கறுப்பாக இருந்தது. ‘சரியாக் கழுவலை போல’ என்று நொந்துகொண்டு இன்னொரு தடவை கழுவினார்.

அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூல்காரர் வருவதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து டீச்சர் குளிக்கவே போகவில்லை. காலையிலிருந்து வண்டியைச் சுற்றிச் சுற்றித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எத்தனை தண்ணிம்மா ஊத்துவ? அழுகிடப் போகுது.”

“நீங்க போய் தெருமுனையில நில்லுங்க. அவருக்கு வீடு தெரியாது.”

வேறு வழியில்லாமல் சர்வேயர் தெருமுனைக்குப் போனார். வயரைத் தொடக்கூட முடியவில்லை. ‘தீர்ந்தது, பச்சை இன்னிக்குப் போயிடும்’ என்று கண் கலங்க, வந்தவரை அழைத்து வந்தார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் சொட்டையைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். “பிரமாதம் சார். பழகறவங்க இடிச்சாக்கூட புதுசாத் தெரியாது.” உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

வண்டி இருமியது. தும்மியது. டப்பென்று ஒரு வெடி வெடித்து அடங்கியது. எட்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, அவர் இறங்கிச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

சர்வேயருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வயரைத் தொடாமலே கிளம்பவில்லை என்றால் என்ன அர்த்தம்? வண்டிக்கே போக மனசில்லை! மத்தியானம் நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டுவிட்டு, சாயங்காலம் சும்மா சாவியைத் திருகிப் பார்த்தார். சமர்த்தாகக் கிளம்பியது.

“அடிக் கள்ளி, நடிச்சியா?” என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக வண்டிக்குள் உட்கார்ந்து அழுதார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அழுதார்.

மூன்றாவதாக வந்தது ஒரு பல் டாக்டரம்மா. மாதக் கடைசி நாள். இவரிடம் தப்பித்துவிட்டால் கெடு முடிந்துவிடும். யாரும் வாங்கவில்லை, நான் என்ன செய்ய என்று கையை விரித்துவிடலாம். பச்சையின் நடிப்பை மட்டும் நம்பி இருக்க சர்வேயருக்குத் துணிச்சல் வரவில்லை. டீச்சர் குளிக்கப் போனதும் ஓடிப்போய் வயர்களை மாற்றினார். ஒன்று மூன்றில், மூன்று ஒன்றில். இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போலப் பேப்பர் வாங்கக் கடைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா வந்துவிட்டிருந்தார். கூடவே, வண்டியைப் பார்த்துச் சொல்வதற்காக அவர் வரச் சொல்லியிருந்த ஆள் நின்றான். வேறு யார்? அதே மெக்கானிக்தான்.

“எங்க அப்பா இதே வண்டிதான் வச்சிருந்தார்” என்றார் டாக்டரம்மா. “சின்ன வயசுல அவர் மடியில உக்காந்து ஹார்ன் அடிப்பேன். எனக்கு இது வேணும் அங்கிள். நல்லாப் பாத்துக்குவேன்.”

இப்படிப் பேசுகிறவரை எப்படித் துரத்துவது? சர்வேயர் கடைசி முயற்சியாக உண்மையையே சொன்னார்.

“கதவு சரியா சாத்தாதும்மா.”

“பழகிக்கிறேன்.”

“மழை பேஞ்சா உள்ளயும் பேயும்.”

“குடை இருக்கு.”

“பாலத்துல நின்னுடும். தள்ளணும்.”

“இவ்வளவு நேர்மையா யாருமே வண்டி விக்க மாட்டாங்க!” டாக்டரம்மா உருகிப்போனார். “நான் முடிவே பண்ணிட்டேன். ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்.”

சாவியைத் திருகினார். வண்டி இருமும், தும்மும் என்று சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். பச்சை புது வண்டிபோல ஒரே உறுமலில் கிளம்பி, கேட்டைத் தாண்டி, தெருவில் இறங்கி, திருப்பத்தில் மறைந்தது.

வாசற்படியில் டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டார். “நான் போய் வண்டி புத்தகத்தை எடுத்துட்டு வரேன்” என்று சொல்லி உள்ளே போனவர், போனவர்தான். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மறுபடியும் மூக்கைச் சிந்தும் சத்தம்.

சர்வேயர் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து முருங்கை மரத்தடிக்கு இழுத்துப் போனார்.

“டேய், உன்னை நம்பினேனே! என்னடா வித்தை சொல்லிக் குடுத்தே? மாத்தினா ஓடுது, மாத்தலைன்னா நின்னுடுது!”

“எதை சார்?”

“வயரைத்தான்! திருட்டுப் பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா. பச்சைய விக்க எனக்கு மனசு வரல. டீச்சர் விக்கச் சொல்லிட்டா, நானும் வீம்புக்கு சரின்னுட்டேன். இன்னிக்கும் காலைல என் கையாலதான் மாத்தினேன். இப்போ பாரு, என் உசுரையே ஓட்டிக்கிட்டுப் போறாங்க.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “எப்போ சார் மாத்தினீங்க?”

“டீச்சர் குளிக்கப் போனப்போ.”

“அப்புறம் நீங்க எங்க போனீங்க?”

“பேப்பர் வாங்க. ஏன்டா?”

உள்ளேயிருந்து மூன்றாவது தடவையாக மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மெக்கானிக் வீட்டைப் பார்த்தான், சர்வேயரைப் பார்த்தான்.

“சார்… தெருவுல திருட்டுப் பயம்னு சொல்லி டீச்சரும் போன மாசம் கடைக்கு வந்தாங்க, அவங்களுக்கும் அதே ரெண்டு வயரைத்தான் காட்டிக் குடுத்தேன்.”