தொடாதே அண்ணனும் ஒரு தேங்காயும்

உலகத்தில் உள்ள மனிதக் கைகள் அத்தனையையும் ஒற்றை ஆளாக நின்று வெறுப்பவர் யார் என்று ஜொகூர் மாநிலத்துச் செனாய் தொழிற்பேட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். யாரும் யோசிக்க மாட்டார்கள். 'தொடாதே அண்ணன்' என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார்கள். கால், மூக்கு, வாய் எதன்மீதும் அவருக்குப் பகை கிடையாது. கை மட்டும் ஆகாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். கேட்டவர்களுக்கு அவர் சொன்னதில்லை. டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. காருக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்குக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பார். டேஷ்போர்டு, கதவின் உள்பக்கம், கைப்பிடி, அவ்வளவுதான். வெளியே அடிக்கச் சொன்னால், "வெளிய மழதான் தொடும். அதுக்கு எவன் வேணாலும் அடிப்பான். உள்ள மனுசன்ல தொடுறான்," என்பார். கொட்டகை வாசலில் 'தொடாதே' என்று தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எழுதித் தொங்கும். சீனத்தில் எழுதிக் கொடுத்தவர் டயர் கடை முதலாளி. எழுதி மாட்டிய கையோடு உள்ளே போய் முதலில் தொட்டுப் பார்த்தவரும் அவர்தானாம்.

கார் கொண்டு வருகிறவர்களை முதலில் கையை நீட்டச் சொல்வார். கைரேகை பார்க்கப் போகிறார் என்று சிலர் ஆசையாக நீட்டுவார்கள். அண்ணன் மோந்து பார்ப்பார்.

"தலைக்கு எண்ணெ வெச்சிருக்கீங்க."

"ஆமா."

"அந்தக் கையோட ஸ்டீரிங்கப் புடிச்சிருக்கீங்க."

"வேற எந்தக் கையோட அண்ணே புடிக்கிறது?"

அண்ணன் அந்தக் கையை இன்னொரு தடவை மோந்து பார்ப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் குற்றம் நம்முடையது போலத்தான் இருக்கும்.

சிகாமட்டிலிருந்து ஒருவர் வந்தார். பெயிண்ட் அடிக்கப் போகிறோமே, மரியாதையாகக் கொண்டு போவோம் என்று டேஷ்போர்டு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"என்னங்க இது, காருக்குத் தீபாவளியா?"

"ஷைனிங்கா இருக்கட்டும்னுதான்."

"எண்ணெ மேல பெயிண்ட் நிக்குமாங்க? குழி குழியா வெலகிக்கும். நின்னாலும் உரிஞ்சிக்கிட்டு வரும். காரக் கழுவுறதா, ஒங்களக் கழுவுறதா?"

அன்று சாயங்காலம்வரை பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே திட்டினார். சிகாமட்காரர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் போய் மாட்டியது என் தங்கை மாலாவால். அப்பா போன பிறகு அவருடைய பழைய கார் வீட்டில் நின்றது. கல்யாணம் முடிந்து காஹாங்கில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது அந்தக் காரில்தான் போவேன் அக்கா என்றாள் மாலா. அப்பா இல்லாத கல்யாணத்தில் அப்பாவின் காராவது இருக்கட்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் அழுதிருப்போம். காரோ, ஜொகூர் வெயிலில் உள்ளுக்குள் உருகிப் போயிருந்தது. கதவைத் தொட்டால் கை கறுப்பாகும். சாய்ந்தால் சட்டை ஒட்டும். கூறைப்புடவையோடு ஏறினால் இறங்கும்போது புடவை கதவோடு தங்கிவிடும்.

"கல்யாணம் எப்ப?" என்றார் அண்ணன்.

"ரெண்டு வாரத்துல."

"இவ்வளவு நாளு எங்க போயிருந்தீங்க?"

கையை நீட்டச் சொன்னார். காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டதைக் கண்டுபிடித்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார். உருகிய பிசுக்கைச் சுரண்டி, கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கென்று இருக்கிற பிரைமரை அடித்தார். பெயிண்டைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாகத்தான் விடுவார். ஒரு கோட்டு அடித்தால் ஒரு தே தாரேக். அது ஆறி, குடித்து முடித்த பிறகுதான் அடுத்த கோட்டு. அவசரப்படுத்தினால் இன்னொரு டீ சொல்லிவிடுவார்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் அடித்தால் வெளுத்துப் போகும் என்று பெயிண்ட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்தபோது வியாழக்கிழமை. கல்யாணம் ஞாயிறு.

"ஒரு வாரத்துக்கு ஒருத்தரும் தொடக்கூடாது," என்றார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம கல்யாணம்."

"தள்ளிப் போடுங்க."

"கல்யாணத்தையா?"

"பெயிண்ட்டத் தள்ளிப் போட முடியாதுல்ல. பாத்தா காஞ்ச மாதிரிதான் தெரியும். உள்ள பச்ச. ஒருத்தன் கை வெச்சா தடம் அப்படியே நின்னுரும். நாளைக்கு யாரு அடிச்சாங்கன்னு கேட்டா எம் பேரச் சொல்லுவீங்க."

"ஒங்க பேரு யாருக்குமே தெரியாதே அண்ணே."

அலமாக்! அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. சாவியைத் தர மாட்டேன் என்றார். நானும் விடவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "சரி, நானே ஓட்டுறேன். நான் சொல்றபடிதான் ஏறணும், எறங்கணும்," என்றார்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் கார் வந்து நின்றது. ஓட்டிவந்த அண்ணனுக்குப் பட்டுச்சட்டை, சட்டைப் பையில் மல்லிகைப்பூ, இரண்டு கையிலும் ரப்பர் கையுறை. மாப்பிள்ளை வீட்டார் டாக்டர் என்று நினைத்துவிட்டார்கள். சந்தனத் தட்டோடு காருக்குப் பொட்டு வைக்க வந்த எங்கள் அத்தையைக் கதவிலேயே மறித்தார்.

"உள்ள வெக்கணும்ப்பா, நல்லது."

"கண்ணாடிக்கு வைங்க அத்தை, அது தாங்கும். டயருக்கடியில எலுமிச்சம்பழம் வைங்க, கூட ரெண்டு வைங்க. உள்ள வேணாம்."

மணப்பெண் ஏறியதும் அவள் இரண்டு கையிலும் ஒரு பெரிய தேங்காயைக் கொடுத்தார். "எறங்குற வரைக்கும் விடக்கூடாதும்மா. ரெண்டு கையாலயும் புடிக்கணும்." மாப்பிள்ளை கையில் தாம்பாளத்தைத் திணித்தார். தேங்காய் எங்கள் வீட்டுச் சம்பிரதாயம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள். அவர்கள் வீட்டுச் சம்பிரதாயம் என்று நாங்கள் நினைத்தோம். அண்ணன் வீட்டுச் சம்பிரதாயம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் காஹாங்கில் அந்தக் குடும்பத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கேயும் பெண் தேங்காயோடுதான் காரில் ஏறினாள்.

நான் முன்னால் உட்கார்ந்தேன், கைகட்டி. கார் கிளம்பியது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மாலா, வாசலில் அம்மா தனியாக நிற்பதைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா நிற்க வேண்டிய இடம் அப்படியே காலியாக இருந்தது. அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். தேங்காய் மடியிலிருந்து உருண்டு காலடியில் விழுந்தது. சந்தனமும் வியர்வையுமாக இருந்த கையால் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்று அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை ஸ்டீரிங்கில் ஒரு தடவை இறுகியது.

"புடிச்சுக்கம்மா," என்றார். "நல்லாப் புடிச்சுக்க."

குளுவாங் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காஹாங் போய்ச் சேரும்வரை அவர் மெதுவாகவே ஓட்டினார். மாலா கையை எடுக்கவில்லை.

இன்றைக்கும் அந்தக் கார் என்னிடம்தான் இருக்கிறது. உள்ளே ஒரு இடம்கூட உரியவில்லை, ஒட்டவில்லை, அவர் சொன்னது போலவே நிற்கிறது. பின்கதவுக் கைப்பிடியில் மட்டும் நான்கு விரல் தடம். அண்ணனுக்கு அதைப் பார்த்தாலே உடம்பு எரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் உப்புத்தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் சாப்பிடவே வருவார்.

"சும்மாவே அடிச்சுத் தர்றேம்மா. எம் பேரு கெட்டுப் போவுது."

இந்தத் தீபாவளிக்கும் முறுக்கைத் தின்றுவிட்டு நேரே காரிடம் போனார். பின்கதவைத் திறந்து அந்த நான்கு விரலையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க அண்ணே," என்றேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரிம்மா," என்றார்.