ஐந்து படி மாவும் ஏழரைக் கிலோவும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. இதை நான் இன்னும் சொல்லாத ஆள் எங்கள் ஊரில் இருந்தால், அவர் இன்று காலையில்தான் பிறந்திருக்க வேண்டும். அந்தப் பட்டத்தை வைத்து நான் செய்த முதல் பெரிய காரியம், என் அம்மாவின் பிழைப்பைக் கெடுத்தது.

அம்மா பல வருடங்களாக ஒரு சமையல் மாஸ்டரிடம் கையாளாக இருந்தாள். வெங்காயம் உரிப்பாள், அண்டா கழுவுவாள், பலகாரம் முழுக்க அவள்தான் சுடுவாள். பெயர் மட்டும் மாஸ்டருக்கு. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டம்மா இதைக் கவனித்துவிட்டு, மகளுக்கான சீர் அதிரசம் இருநூற்றொன்றையும் நேரே அம்மாவிடம் ஒப்படைத்தார். நன்றாக வந்தால் இனி அவர்கள் வகையறா விசேஷம் எல்லாம் அம்மாவுக்குத்தான்.

அம்மாவின் அளவு இதுதான்: ஒரு படி மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம். மாவைச் சலித்து, படியில் லேசாக அள்ளி, விரலால் தலை தட்டுவாள். எனக்கு அந்தப் படியைப் பார்த்தாலே கூச்சம். பட்டதாரி இருக்கும் வீட்டில் படியா? எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வந்தேன்.

"படிக்கு எம்புட்டுக் கிலோ வரும்?" என்றாள் அம்மா.

"படின்னா ஒன்றரை லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. அப்ப ஒன்றரைக் கிலோ."

(லிட்டருக்கு ஒரு கிலோ என்பது தண்ணீருக்கு. அடர்த்தி பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான்.)

இருநூற்றொன்றுக்கு ஐந்து படி மாவு வேண்டும்; ஐந்து படிக்கு ஏழரைக் கிலோ என்று நானே அரிசி ஊறவைத்து, மில்லில் அரைத்து, நானே நிறுத்தேன். ஐந்து படிக்கென்று அம்மா காய்ச்சிய வெல்லப் பாகில் கொட்டிக் கிளறியதும் அம்மா முகம் சுருங்கியது.

"ஆத்தா, மாவு உதிருது. இன்னுங்கொஞ்சம் பாகு காய்ச்சுவமா?"

"தராசு பொய் சொல்லுமாம்மா? ரெண்டு நாள் ஊறுனா இளகிரும்."

அவள் என்னைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள். "படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று பாலைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்தாள். கையை நம்பாமல் என்னை நம்பினாள்.

தராசும் இருந்தது, படியும் இருந்தது. ஒரு படி மாவைத் தராசில் கொட்டிப் பார்க்கத்தான் என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் கொட்டிப் பார்த்தேன். ஒரு கிலோகூட இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள், வீட்டம்மா ஒரு தாம்பாளம் அதிரசத்தோடு வந்து நின்றார்.

"ஏத்தா, சம்பந்தி வீட்டுல கடிச்சுப் பாத்துட்டு, அம்மிக்கு முட்டுக்கொடுக்கக் குடுத்தீகளான்னு கேட்டாக. என் பொண்ணு இனி அங்கன எப்படித் தலை நிமிந்து நிப்பா?"

"என் கை தப்பிப்போச்சு தாயி" என்றாள் அம்மா.

நான் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். 'அம்மா இல்லை, நான்தான்' என்று சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை. மேடையேறிப் பேசிக் கோப்பை வாங்கிய வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

அம்மா மறுபடி அந்த மாஸ்டரிடமே வெங்காயம் உரிக்கப் போனாள். கல்யாண வீடுகளில், வீட்டில் நடந்தது முழுக்கத் தெரிந்த என் தாய்மாமா இன்றைக்கும் என்னை விடுவதில்லை. இலையில் அதிரசம் விழுந்தால் போதும், "மெதுவாக் கடிங்கப்பா, டிகிரி வாங்குன அதிரசமா இருக்கப் போகுது" என்பார். பந்தியே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள். நானும்தான்.

அம்மா ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. இப்போது அவளுக்குச் சர்க்கரை. ஆஸ்பத்திரிச் சீட்டை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பாள். பிறகு அதை வாங்கிக்கொண்டு, எட்டாவதோடு நின்றுவிட்ட எதிர்வீட்டு அக்காவிடம் ஒருதரம் காட்டிவிட்டு வந்துதான் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள்.